கொடியில் காயும் புடவையைப் பார்த்துப் புறப்படுங்கள்: மதுரையைச் சுற்றி மலைச் சாலைகளில் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கம் போவது என்பதை மாடிக் கொடியில் காயும் புடவைதான் எனக்குச் சொல்கிறது. காலை நாலரை மணிக்கு எழுந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பது. கிழக்கே பறந்தால் மேற்குக் காற்று. தேனிச் சாலையில் கிளம்பிவிடுவேன். தென்மேற்காகப் பறந்தால் வாடை. அழகர்கோவில், மேலூர்ப் பக்கம். எந்த மாதமானாலும் காற்றை எதிர்த்துத்தான் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது 51. தேர்வுக்குப் போகும் பிள்ளைகளிடம் தெரிந்த கணக்கை முதலில் போடச் சொல்லி இருபத்தைந்து வருடமாகத் தொண்டை வற்றியவள். சைக்கிளில் இந்தப் பாடம் நேர்மாறு. தெரியாத கணக்கு, ஏற்றம், எதிர்காற்று எல்லாவற்றையும் வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். முதல் வருடம் இது புரியாமல் ஓர் ஆனி மாதம் காற்றோடு சேர்ந்து மேலூருக்குப் பறந்துபோனேன். அடடா, நமக்கு இவ்வளவு வேகமா என்று கர்வம்கூட வந்தது. திரும்பும்போது பத்தரை மணி வெயிலில், மேற்குக் காற்றில், ஒத்தக்கடைக்கு வருவதற்குள் சாலையோரப் புளியமரம் ஒவ்வொன்றின் அடியிலும் உட்கார்ந்து எழுந்தேன்.

சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். நடப்பது எனக்குச் சலிப்பு. தங்கை மகன் தன் பழைய ரோடு சைக்கிளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், பெரியம்மா" என்றான். இப்போது ஒன்பதாவது வருடம். அந்தச் சைக்கிளை அவன் திரும்பக் கேட்கவில்லை, நானும் கொடுப்பதாக இல்லை. இனி வருவது, அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டதும்.

மலை எங்கே இருக்கிறது?

மதுரை சமவெளிதானே என்று வெளியூரார் கேட்பார்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில், வைகையின் படுகையில் இருக்கிறது. ஆனால் எந்தத் தெருமுனையில் நின்று பார்த்தாலும் ஒரு குன்று தெரியும். வடகிழக்கே அழகர்மலை. வடக்கே வாடிப்பட்டியிலிருந்து திண்டுக்கல்வரை சிறுமலை. மேற்கே பாம்பு படுத்ததுபோல நாகமலை. இன்னும் மேற்கே ஆண்டிபட்டி மலை. அதைத் தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கு, அதன் அந்தப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சுவர். வடமேற்கில் பழனி மலைத்தொடரின் மேல் 2,100 மீட்டருக்கும் அதிக உயரத்தில் கொடைக்கானல். ஒரு நாள் சைக்கிள் தூரத்துக்குள் வறண்ட கரடும் நெல்வயலும் காடும் வந்துவிடுகின்றன. கொடைக்கானல் புல்வெளிக்கு மட்டும் ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும்.

சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம்

விலை உயர்ந்தது வேண்டாம். மலை ஏறுவதற்குத் தேவை சின்னக் கியர். கடையில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான்: முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல். முன்னால் 34, பின்னால் 32 என்றால் பெடல் ஒரு சுற்றுச் சுற்ற வண்டி ஏறக்குறைய 2.2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று நிதானமாக மிதித்தால் மணிக்கு 8 கிலோமீட்டர். ஏற்றத்தில் எனக்கு அந்த வேகம் போதும், உங்களுக்கும் தொடக்கத்தில் அதுதான் வரும். என் சைக்கிளில் முதலில் இருந்தது 39-க்கு 25. ஒரு சுற்றுக்கு 3.3 மீட்டர். அதோடு சிறுமலையில் ஏறி முழங்கால் வலியை விலைக்கு வாங்கினேன். சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் பின்பல்லை மாற்றிய அண்ணன், "இந்தப் பல்லை வைத்துக்கொண்டா மலைக்குப் போனீர்கள்?" என்று ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை அவர் பில்லில் சேர்க்கவில்லை.

டயர் 28 மி.மீ. அகலத்துக்குக் குறையவே வேண்டாம். 32 கிடைத்தால் இன்னும் நல்லது. நம் கிராமச் சாலைகளில் வெள்ளைக்கோடு போடாத வேகத்தடைகள் காத்துக்கிடக்கின்றன.

முள்ளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் சீமைக் கருவேல முள், கோடையில் கூடவே நெருஞ்சி. டியூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்பினால் அரைக் கிலோமீட்டரில் மறுபடியும் காற்று இறங்கும். டியூபில் குற்றமில்லை, முள்ளின் முனை டயருக்குள் ஒடிந்து தங்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எள்ளளவு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். டயரைக் கழற்றி உள்பக்கத்தை விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே ஒரு முழுச்சுற்று வாருங்கள். எங்கோ ஓரிடத்தில் சுருக்கென்று தைக்கும். அந்த இடத்தில் டயரை வெளிப்பக்கமாக மடக்கினால் முள் தலைகாட்டும். விரலால் பிடுங்க வராது, ஊக்கால் நெம்ப வேண்டும். புடவை கட்டும் பெண்களிடம் ஊக்கு இல்லாமல் இருக்காது. சைக்கிள் ஓட்டும்போது நான் அணிவது சுடிதார்தான் என்றாலும் ஹேண்டில்பார் நாடாவில் இரண்டு ஊக்கு எப்போதும் குத்தியிருக்கும். பிடுங்கிய பிறகு இன்னொரு சுற்றுத் தடவுங்கள். பல சமயம் இரண்டாவது முள் இருக்கும்.

தை, மாசியில் உசிலம்பட்டிப் பக்கம் வேறோர் ஆபத்து. அறுத்த செடிகளைத் தார்ச்சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறிப் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். கொள்ளும் துவரையும் அப்படித்தான் உதிர்கின்றன. லாரிக்கு அது மெத்தை. நமக்கோ கொடி செயினில் சிக்கிப் பின்கியரைச் சுருட்டி வளைத்துவிடும். இறங்கி, வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடப்பதே வழி. காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஆத்தாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனால் உங்கள் கையில் ஒரு பிடி மொச்சையும் விழலாம்.

முதல் பாதை: மேலக்கால் கணவாய்

என் வீடு நாகமலைப் புதுக்கோட்டையில். இங்கிருந்து தேனிச் சாலையில் மேற்கே செக்கானூரணி. அங்கே வடக்கே திரும்பினால் நாகமலையின் இடைவெளி ஒன்றின் வழியாகச் சாலை மேலக்காலில் இறங்குகிறது. பிறகு வைகையை ஒட்டிக் கிழக்கே கொடிமங்கலம், துவரிமான், வீடு. ஏறக்குறைய 30 கிலோமீட்டர். புதியவர்களை முதலில் இதில்தான் கூட்டிப் போவேன்.

ஏற்றம் பெரிதில்லை. ஆனால் மலை என்ன செய்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் இடம் வேறில்லை. செக்கானூரணிப் பக்கம் சிவந்த மண், கருவேலங்காடு, ஆட்டுமந்தை, மழையைப் பார்த்த பயிர். கணவாயில் நாலு பெடல் எழுந்து நின்று மிதித்து மேட்டைக் கடந்தால் காற்றின் வாசனையே மாறிவிடும். தென்னந்தோப்பு, சேற்று வயல், கொக்கு. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்கள் இதன் மேற்கே. அந்த வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே கரடு, இந்தப் பக்கத்தில் புழுதி, அந்தப் பக்கத்தில் ஈரம்.

கணவாய் மேட்டில் கீழ்க்கியருக்கு எப்போது மாற்றுவது என்பதைப் பழகிக்கொள்ளுங்கள். கால் கனத்த பிறகு மாற்றினால் செயின் நறநறவென்று கடிக்கும், சில சமயம் கழன்றும் விழும். ஏற்றம் கண்ணில் தெரியும்போதே, கால் இன்னும் லேசாக இருக்கும்போதே மாற்ற வேண்டும். முதன்முதலாக நான் அங்கே செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன தாயி, பஸ் வரவில்லையா?" என்றார். இந்தக் கேள்வியை இந்த ஒன்பது வருடத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று கணக்கு டீச்சராலும் சொல்ல முடியாது.

சிறுமலை அடிவாரம்

கணவாய்ப் பாதையை நாலைந்து ஞாயிறு ஓட்டியவர்களுக்கு அடுத்தது இது. மதுரையிலிருந்து அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டி, சோழவந்தான், மதுரை. எழுபது சொச்சம் கிலோமீட்டர். வலப்பக்கம் சிறுமலை கூடவே வரும். சாலை ஏறுவதும் இறங்குவதுமாகத் தொட்டில் ஆட்டும். பாலமேட்டைத் தாண்டி வடக்கே ஒதுங்கினால் சாத்தையாறு அணை. பெரியாறு பிரதானக் கால்வாயை வழியில் கடப்பீர்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து மேலூர்வரை போகும் வழி இது. பொங்கல் வாரத்தில் மட்டும் இந்தப் பக்கம் போகாதீர்கள். தை முதல் தேதியை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து மூன்று நாளும் ஜல்லிக்கட்டு. சாலை முழுக்க மாடும் கூட்டமும்.

நாய் துரத்துவது இந்தக் கிராமங்களில்தான் அதிகம். வேகமாக மிதித்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஏற்றத்தில் நாய்தான் ஜெயிக்கும். இறங்கிவிடுங்கள். சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டு நடந்தால் பத்தடியில் அதற்குச் சுவாரசியம் போய்விடும்.

வாடைக் காலத்துக்கு: அழகர்கோவில், அரிட்டாபட்டி

மார்கழி, தையில் நகரத்தைக் காலை ஐந்து மணிக்குள் கடந்து அழகர்கோவில் போய்விடுங்கள். மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர். பழமுதிர்ச்சோலைக்கு ஏறும் சாலை குறுகலானது, நீளம் குறைவு. ஏற்றத்தை ருசி பார்க்கச் சரியான அளவு. வண்டியை மேலே விடுவார்களா என்று கீழேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதுகுப் பையில் வாழைப்பழத்தை வெளியே தெரிய வைக்காதீர்கள். அங்குள்ள குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும். என் பையில் கை விட்ட குரங்கு பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திருப்பி எறிந்துவிட்டது. நல்ல குணம்.

அங்கிருந்து மேலூர்ப் பக்கமாகப் போனால் அரிட்டாபட்டி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஏழு குன்று, குளங்கள், குடைவரைச் சிவன் கோயில், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டு. பாறைமேல் சைக்கிளை ஏற்றிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தேன். வண்டியை ஊரிலேயே நிறுத்திவிட்டு நடக்கலாமே!

ஆண்டிபட்டிக் கணவாய்: ஆடிக் காற்றுக்கு ஒரு பாடம்

நாகமலையிலிருந்து உசிலம்பட்டி, கணவாய், ஆண்டிபட்டி, வைகை அணை. போக வர நூறு கிலோமீட்டரைத் தாண்டும். கணவாய் ஏற்றத்தைப் படத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆடியில் போய்ப் பாருங்கள். மேற்கே மலைகளுக்கு நடுவே புகுந்து வரும் காற்று ஆண்டிபட்டிச் சமவெளியில் அவிழ்த்துவிட்ட காளைபோல இறங்குகிறது. காற்றாலைகளைச் சும்மாவா அங்கே கொண்டுபோய் நட்டார்கள்? கணவாயைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும், இனி மிதிக்க வேண்டாம் என்று பெடலை நிறுத்தினேன். வண்டி நின்றுவிட்டது. இறக்கத்தில்! தங்கை மகன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

எதிர்காற்றில் ஒரே விதி: வேகத்தைப் பார்க்காதீர்கள். குனிந்து, முழங்கையை மடக்கி, ஏற்றத்தில் போடும் கியரைச் சமதளத்திலும் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு பேர் என்றால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப்போய், இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னால் போகும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். கணவாயில் ரயில் பாதையும் கூடவே மலையைக் குடைந்து போகிறது. வைகை அணையில் கால் நனைத்துவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பினால், உசிலம்பட்டிவரை நீங்கள் மிதிப்பதாகப் பாவனை செய்தால் போதும்.

சிறுமலை: ஏறுவதும் இறங்குவதும்

திண்டுக்கல்லுக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போய் அங்கிருந்து ஏறுவது நல்லது. மதுரையிலிருந்தே மிதித்தால் அறுபது கிலோமீட்டர் அடிவாரத்திலேயே கரைந்துபோகும். மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. மூச்சு வாங்கும்போது அந்த எண்தான் துணை, எதிரியும் அதுதான்.

மலைச் சாலையில் சரிவை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். நூறு மீட்டர் போனால் ஏழு மீட்டர் உயர்கிறது என்றால் 7 சதவீதம். ஐந்துவரை பேசிக்கொண்டே ஏறலாம். ஏழில் பேச்சு நின்றுவிடும். பத்தில், வரும் வளைவோடு இறங்கிவிடலாம் என்று மனது பேரம் பேசத் தொடங்கும். வளைவுகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் இடப்பக்கம் போகிறவர்கள். சாலை இடது பக்கம் திரும்பும்போது நமக்குக் கிடைப்பது உள்வட்டம்; அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டும், அதனால் அங்கே செங்குத்து. வலது பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம்; தூரம் கூட, சரிவு குறைவு. ஆகவே இடது வளைவுக்கு இருபது மீட்டர் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வலது வளைவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். இது தெரிந்த பிறகு பதினெட்டு வளைவும் எனக்கு ஒன்பது வேலை, ஒன்பது ஓய்வாக மாறிவிட்டன.

சாப்பாட்டுக் கணக்கு. நானும் சைக்கிளும் பையும் சேர்ந்து 74 கிலோ. 700 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொண்டால் ஐந்து லட்சம் ஜூல், அதாவது 120 கிலோ கலோரிக்குப் பக்கம். உடம்பு தின்றதில் நாலில் ஒரு பங்கைத்தான் காலுக்குக் கொடுக்கும், மீதி வியர்வையாகப் போகும். எனவே 500 கலோரி. சின்ன இட்லியாக இருந்தால் பன்னிரண்டு! அடிவாரத்தில் நாலு இட்லி, பையில் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் என்று பிரித்துக்கொள்வேன். என்னைப் போலச் சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரை நேரத்தையும் ஏற்றத்தையும் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள். வளைவில் தலைசுற்றினால் பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை.

மேலே பழையூர், புதூர்ப் பக்கம் காப்பி, மிளகு, பலா, மலைவாழை. சிறுமலை வாழைக்கு 2008-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. தோட்டங்களிலிருந்து விளைச்சலைச் சாலைக்குக் கொண்டுவரக் குதிரை வைத்திருக்கிறார்கள். எதிரே மூட்டையோடு குதிரை வந்தால் மணி அடிக்காமல் ஓரமாக நில்லுங்கள். காட்டெருமை நின்றால் இன்னும் தூரத்தில் நில்லுங்கள், அதுவாகப் போகும்வரை.

இப்போது இறக்கம். ஏறிய ஐந்து லட்சம் ஜூல் எங்கே போயிற்று? இறங்கும்போது அது முழுவதும் திரும்ப வெளியே வந்தாக வேண்டும். கொஞ்சம் காற்று வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாகிறது. பயந்தவர்கள் செய்வது என்னவென்றால், பிரேக்கை விடாமல் மெல்லப் பிடித்துக்கொண்டே இறங்குவது. மெதுவாகப் போவதால் காற்று வாங்குவதும் குறைவு. எல்லாச் சூடும் ரிம்முக்கு. 2019-இல் நான் அப்படித்தான் இறங்கினேன். ரப்பர் கருகும் வாசனை வந்தது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். ஒன்பதாம் வளைவில் பட்டாசு வெடித்தாற்போலப் பின் டியூப் வெடித்தது. நல்லவேளை, எதிரே எதுவும் வரவில்லை. சுவர்ப் பக்கம் சாய்ந்து நின்றுவிட்டேன். என்ன ஆயிற்று என்று ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல். ஆள்காட்டி விரலில் கொப்புளம். அந்த வாரம் முழுவதும் சாக்பீஸை நடுவிரலிலும் கட்டைவிரலிலும் பிடித்து எழுதினேன். எட்டாம் வகுப்புக்கு அது பெரிய வேடிக்கை.

பிறகு தங்கை மகன் சொல்லித்தந்த முறை: நேரான பகுதியில் பிரேக்கை விட்டு வண்டியை ஓடவிடுங்கள். வளைவு வருவதற்கு முன், நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிடுங்கள். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கிலிருந்து கையை எடுத்திருக்க வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போது முன்பிரேக்கைப் பிடித்தால், கொஞ்சம் மணல் இருந்தாலும் போதும், சக்கரம் வழுக்கிவிடும். பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்கே போகும். மூன்று வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மை ஆறவிடுங்கள். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் டியூபுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள். பஸ் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். திரும்புவதற்கு அதற்குச் சாலை முழுதும் வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கும் போடிமெட்டும்

பன்னிரண்டு வருடம்போல ரயில் இல்லாமல் கிடந்த பாதையில் 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் ரயில் வந்துவிட்டது. சைக்கிளின் இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பையில் கட்டினால் இடம் அதிகம் பிடிக்காது. எடுத்துப் போக என்ன விதி என்று முதல் நாளே நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று பள்ளத்தாக்கின் அடியிலேயே போகலாம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் நெல், தென்னை, கம்பத்தை நெருங்க நெருங்கத் திராட்சைப் பந்தல். புறவழிச் சாலை வேகமானது, ஆனால் அதில் எதுவும் கண்ணில் படாது. ஊருக்குள் போகும் பழைய சாலையைப் பிடியுங்கள். பன்னீர்த் திராட்சையைப் பந்தலடியிலேயே வாங்கிச் சாப்பிடலாம். லோயர் கேம்பில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம். அங்கிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதை தூரம் குறைவு, லாரி அதிகம். ஐயப்பன் சீசனில் வேண்டவே வேண்டாம்.

போடிமெட்டு வேறு ரகம். போடியைத் தாண்டி முந்தலில் தொடங்கும் ஏற்றம் 17 கொண்டை ஊசி வளைவோடு கேரள எல்லைக்குப் போய் முடிகிறது. மேலே ஏலக்காய்த் தோட்டங்கள். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் விடிந்ததும் விடியாததுமாக மேலே பறக்கும், மாலையில் அதே வேகத்தில் கீழே. அவற்றுக்கு நடுவே நாம் இருக்கக் கூடாது. காலை ஜீப்புகள் ஓய்ந்தபின் ஏறுங்கள், பிற்பகல் மூன்றுக்குள் இறங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சாலையில் பாறை உருளும். அந்த மாதங்களில் நான் போவதில்லை.

மேகமலையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சின்னமனூரிலிருந்து 18 வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். கேட்க அழகு. ஆனால் 2021-இலிருந்து அது புலிகள் காப்பகம், யானை நடமாட்டமும் உண்டு. சைக்கிளில் போக அனுமதி உண்டா என்று தென்பழனி வனச் சோதனைச் சாவடியில் கேளுங்கள். இல்லை என்றால் வாதாடாதீர்கள்.

பெண்களுக்குத் தனியாக

கழிவறைக்குப் பெட்ரோல் பங்க்தான். பாதையை வரையும்போதே பங்க் எங்கெங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள்; செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று பெரிய ஊர்களை ஒட்டி இருக்கும், மலைமேல் இருக்காது. துப்பட்டா வேண்டாம், செயின் இழுத்துவிடும். தனியாகப் போகும் நாளில் எந்த ஊர் டீக்கடையில் எத்தனை மணிக்கு நிற்பேன் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவேன். ஒரே கடையில் நாலு முறை டீ குடித்தால் அந்த ஊரே நம்மைத் தெரிந்துகொள்ளும். உசிலம்பட்டிக்கு முன்னால் ஒரு கடைக்கார அக்கா, இரண்டு வாரம் நான் வராவிட்டால் "டீச்சர், உடம்புக்கு ஆகவில்லையா?" என்று கேட்பார்.

கொடைக்கானலுக்கு மேலே

கடைசியாக, புல்வெளி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் சைக்கிளில் ஏறுவது இரண்டாயிரம் மீட்டருக்குப் பக்கம். அதை என் தங்கை மகன் செய்வான். நான் பஸ்ஸில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மேலே போய், அங்கிருந்து பூம்பாறை, மன்னவனூர்ப் பாதையில் ஓட்டுவேன். வெட்கமில்லை. பூம்பாறையின் அடுக்கு வயல்களில் பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு அதுதான். மன்னவனூரை நெருங்கும்போது மரம் குறைந்து மொட்டையான பச்சை மேடுகள் அலை அலையாக விரிகின்றன. மடிப்புகளில் மட்டும் இருட்டாகச் சோலைக்காடு. மேட்டில் புல், பள்ளத்தில் காடு: இதுதான் இந்த மலையின் பழைய முகம். பைன், சீகை, யூகலிப்டஸ் எல்லாம் மனிதன் பிற்பாடு நட்டவை. அங்கே மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சிப் பண்ணையும் இருக்கிறது. புல்வெளியில் சைக்கிளை இறக்காதீர்கள். சக்கரத் தடம் மழையில் ஓடையாகிவிடும்.

சாலை ஓயாமல் ஏறி இறங்கும். கிளம்பும்போது இறங்கிய பள்ளமெல்லாம் திரும்பும்போது ஏற்றமாகும், அதனால் பாதித் தெம்பைத் திரும்பும் வழிக்கு மிச்சம் வையுங்கள். கையுறையும் காற்றுச் சட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி என்று குளிர் கூடுவதால், மதுரையில் வியர்த்த அதே நாளில் அங்கே பிரேக் பிடிக்க விரல் மடங்காது. பிற்பகலில் பனிமூட்டம் சொல்லாமல் இறங்கும். போன முறை பூம்பாறைக்கு இந்தப் பக்கம் வந்தபோது மூன்றரை மணிக்கே முன்னால் போன தங்கை மகனின் பின்விளக்கு மட்டும் சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. விளக்கைக் காலையிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், பகல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.